ஜெர்மனியில் பராமரிப்பு வேலை, அங்கிருந்து நிரந்தர வசிப்புரிமை (பிஆர்): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு முதியவர் வீட்டில் தங்கி அவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு ஜெர்மனி விசா தருகிறதா?

இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் தருவதில்லை. ஜெர்மனியில் அந்த வேலை இருக்கிறது, ஆனால் அதைச் செய்பவர்கள் பெரும்பாலும் போலந்து, ருமேனியா, பல்கேரியாவிலிருந்து வரும் பெண்கள். ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் என்பதால் அவர்களுக்கு விசாவே வேண்டாம். “பாட்டி ஒருத்தர்தான், சாப்பாடு, தங்குமிடம் இலவசம், இரண்டு வருஷத்தில் பிஆர்” என்று யாராவது பணம் கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

இதே கதை ‘ஓ பேர்’ என்ற பெயரிலும் விற்கப்படுகிறது. ஓ பேர் என்பது 27 வயதுக்குட்பட்டவர்கள் ஒரு குடும்பத்துடன் அதிகபட்சம் ஓராண்டு தங்கி, குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு மொழி பழகும் ஏற்பாடு. கையில் மாதம் 280 யூரோ வரும். மொழி பழக நல்ல வாய்ப்புதான், ஆனால் அந்த ஓராண்டு பிஆர் கணக்கில் சேராது.

அப்படியானால் உண்மையான வழி எது?

இரண்டு வழிகள் உண்டு. பிளஸ் டூ முடித்தவர்கள் அங்கேயே மூன்று ஆண்டு சம்பளத்துடன் படிக்கும் ‘ஆஸ்பில்டுங்’ என்ற தொழிற்பயிற்சியில் சேரலாம். பி.எஸ்சி நர்சிங் அல்லது ஜிஎன்எம் (செவிலியர் டிப்ளமோ) முடித்தவர்கள் தங்கள் படிப்புக்கு அங்கே அங்கீகாரம் வாங்கலாம். இரண்டும் போய் முடிவது ஒரே தாளில்: ‘உர்குண்டே’ எனப்படும், ஜெர்மன் மாநில அரசு தரும் செவிலியர் தொழில் அனுமதிச் சான்றிதழ். அதில் இருக்கும் ‘ப்ஃளேகெஃபாக்ஃப்ராவ்’ (ஆணுக்கு ‘ப்ஃளேகெஃபாக்மான்’) என்ற பட்டம் மருத்துவமனை, முதியோர் இல்லம், வீட்டுக்குச் சென்று பார்க்கும் சேவை ஆகிய மூன்றுக்கும் செல்லும். 2020 ஜனவரி 1 முதல் முதியோர் பராமரிப்புக்குத் தனிப் படிப்பு என்ற பழைய பிரிவினை போய், எல்லோருக்கும் பொதுவான பயிற்சி வந்துவிட்டது.

எந்த வழியில் பிஆர் சீக்கிரம் கிடைக்கும்?

நர்சிங் முடித்தவருக்குத்தான் சீக்கிரம் கிடைக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டால் வித்தியாசம் மிகக் குறைவு.

ஜெர்மன் வசிப்புரிமைச் சட்டத்தின் 18சி பிரிவு இதைச் சொல்கிறது. வெளிநாட்டில் படித்து அங்கீகாரம் பெற்ற திறன் பணியாளர் மூன்று ஆண்டு வேலை செய்து, 36 மாதம் ஓய்வூதியக் காப்பீடு கட்டியிருக்க வேண்டும். ஜெர்மனிக்குள்ளேயே தொழிற்பயிற்சி முடித்தவருக்கு இது இரண்டு ஆண்டாகவும் 24 மாதமாகவும் குறைகிறது. இங்கே பலர் கவனிக்காத விஷயம்: கடிகாரம் விமானம் இறங்கிய நாளில் ஓடத் தொடங்குவதில்லை. திறன் பணியாளர் என்ற வசிப்பு அனுமதி கைக்கு வந்த நாளில்தான் ஓடத் தொடங்குகிறது. அங்கீகாரத்துக்காகத் தரப்படும் 16டி அனுமதியில் உதவியாளராக உழைத்த மாதங்களைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

ஆக, நர்சுக்கு அங்கீகாரத்தை முடிக்க ஒன்று அல்லது ஒன்றரை ஆண்டு, அதன்மேல் மூன்று, மொத்தம் சுமார் நாலரை. பிளஸ் டூ மாணவருக்குப் பயிற்சி மூன்று, பிறகு இரண்டு, மொத்தம் ஐந்து. பி2 (ஏ1, ஏ2, பி1 என ஏறும் ஜெர்மன் மொழித் தேர்ச்சி நிலைகளில் நான்காவது) மொழித் தேர்வில் இரண்டு முறை தவறினால் நர்ஸ் பின்தங்கிவிடுவார்.

பிஆர் விண்ணப்பிக்கும்போது வேறு என்ன கேட்பார்கள்?

பி1 மொழிச் சான்று, செல்லுபடியாகும் தொழில் அனுமதி, படிப்புக்குப் பொருந்திய வேலை, குடும்பத்துக்குப் போதுமான வருமானம், வாடகை ஒப்பந்தத்தோடு போதுமான இடவசதியுள்ள வீடு. நாட்டின் சட்டம், சமூகம் பற்றிய அடிப்படை அறிவைக் காட்ட ‘வாழ்க்கை ஜெர்மனியில்’ என்ற தேர்வு உண்டு. 33 கேள்விகளில் 15 சரியாக இருந்தால் பிஆருக்குப் போதும், குடியுரிமைக்கு 17 வேண்டும். கேள்வித் தொகுப்பு முழுவதும் பொதுவெளியில் கிடைக்கிறது. ஒரு வாரம் உட்கார்ந்தால் முடியும்.

ஓய்வூதியக் கணக்கை மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஓய்வூதியக் காப்பீட்டு நிறுவனம் கேட்டவுடன் மாதவாரிப் பட்டியல் அனுப்பும். வேலை மாறியபோது நடுவில் விடுபட்ட மாதங்கள் அதில் தெரிந்துவிடும்.

எவ்வளவு ஜெர்மன் மொழி வேண்டும்?

ஆஸ்பில்டுங் விசாவுக்கு பி1. பல பயிற்சி நிலையங்கள் பி2 கேட்கின்றன. நர்சுக்குத் தொழில் அனுமதி கிடைக்க பி2 கட்டாயம். 2024 மார்ச் 1 முதல் ஏ2 வைத்துக்கொண்டே போய் அங்கே அங்கீகாரத்தை முடிக்கும் ‘அங்கீகாரக் கூட்டாண்மை’ என்ற வழியும் வந்திருக்கிறது.

எங்கள் கருத்து: ஏ2 உடன் போகாதீர்கள். காலை ஷிஃப்ட் ஒரு வாரம், மாலை ஷிஃப்ட் ஒரு வாரம் என்று உடம்பு அலைகிறபோது பி2 படிப்பது லேசான காரியமல்ல. உள்ளூரில் எட்டு மாதத்தில் முடியும் படிப்பு அங்கே இரண்டு ஆண்டு இழுக்கும். அவ்வளவு காலமும் உதவியாளர் சம்பளம்தான்.

கோத்தே நிறுவனம் நடத்தும் பி1, பி2 ஜெர்மன் மொழித் தேர்வுகள் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள். ஒவ்வொன்றிலும் 100க்கு 60 வேண்டும். நான்கையும் ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை, தவறிய பகுதியை மட்டும் மறுபடி எழுதலாம். நம் ஆட்கள் அதிகம் தவறுவது கேட்டல் பகுதியில். காரணம், வகுப்பில் ஆசிரியர் நிறுத்தி நிதானமாகப் பேசிய ஜெர்மன் மட்டும்தான் காதில் பழகியிருக்கும். அந்த நிறுவனத்தின் சென்னைக் கிளையான மாக்ஸ் முல்லர் பவனிலும் கோயம்புத்தூர் கோத்தே மையத்திலும் இடங்கள் வேகமாக நிரம்பும். படிப்பை முடித்த பிறகு தேதி தேடாமல், படிக்கும்போதே பதிவு செய்யுங்கள்.

இன்னொன்று: பாடப்புத்தகத்தில் “கழிப்பறைக்குப் போக வேண்டும்” என்பதற்கு ஒரு வாக்கியம் கற்றிருப்பீர்கள். பவேரியாவில் தொண்ணூறு வயதுப் பாட்டி “இ முவாஸ் பீசெல்ன்” என்பார். புரியாமல் சிரித்துக்கொண்டு நின்றால் படுக்கை நனையும். சேரப்போகும் மாநிலத்தின் வட்டார வழக்கை யூடியூபில் ஒரு மாதமாவது கேட்டுவிட்டுப் போங்கள்.

நர்சிங் முடித்தவர் அங்கீகாரத்துக்கு என்னென்ன தாள் சேர்க்க வேண்டும்?

எந்த மாநிலத்தில் வேலை கிடைக்கிறதோ அந்த மாநில அதிகாரியிடம்தான் விண்ணப்பம். ஜெர்மனி முழுவதற்கும் ஒரே அலுவலகம் கிடையாது, பட்டியலும் மாநிலத்துக்கு மாநிலம் சற்று மாறும். பொதுவாகக் கேட்பவை: பட்டம் அல்லது டிப்ளமோ, மதிப்பெண் பட்டியல், தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமப் பதிவு, அனுபவச் சான்றுகள், பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், தேதிவாரியான தன்விவரம், காவல்துறை நன்னடத்தைச் சான்று, மருத்துவத் தகுதிச் சான்று.

இவற்றில் உயிர்நாடி ‘டிரான்ஸ்கிரிப்ட்’. மதிப்பெண்ணைவிட மணிநேரம் முக்கியம்: எந்தப் பாடத்துக்கு எத்தனை மணிநேரம் வகுப்பு, எந்த வார்டில் எத்தனை மணிநேரம் நேரடிப் பயிற்சி என்று பிரித்து எழுதியிருக்க வேண்டும். கல்லூரி “மொத்தம் இவ்வளவு மணி” என்று ஒரே வரியில் கொடுத்துவிட்டால், அங்கே உட்கார்ந்து ஒப்பிடுபவருக்கு ஒப்பிட எதுவும் இருக்காது. இல்லாததாகவே கணக்கிட்டு, பற்றாக்குறைப் பட்டியலை நீட்டிவிடுவார். அனுபவச் சான்றும் அப்படியே. “நல்ல முறையில் பணியாற்றினார்” என்பதால் பயனில்லை. எந்த வார்டு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, வாரத்துக்கு எத்தனை மணிநேரம் என்று வேண்டும்.

மொழிபெயர்ப்பை முன்கூட்டியே ஊரில் செய்து காசைக் கரைக்காதீர்கள். பல மாநிலங்கள் ஜெர்மன் நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளரையே ஏற்கும். முதலில் அந்த அலுவலகத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர். பிரச்சினை வருமா?

வரும். தமிழ்நாட்டு விண்ணப்பங்கள் தாமதமாவதற்கு இது ஒரு பழைய காரணம். பத்தாம் வகுப்புச் சான்றில் ‘கலைவாணி எஸ்’, பட்டத்தில் ‘எஸ். கலைவாணி’, பாஸ்போர்ட்டில் ‘கலைவாணி சுப்ரமணியன்’, ஆதாரில் திருமணத்துக்குப் பிறகு கணவர் பெயர் என்று இருந்தால், ஜெர்மன் அலுவலரின் கண்ணுக்கு அது நான்கு பேர். குடும்பப் பெயர் இல்லாத மனிதர் என்பதே அவர்களுடைய படிவத்துக்குப் புரியாது. பாஸ்போர்ட்டில் ‘சர்நேம்’ கட்டம் காலியாக இருந்தால், விண்ணப்பிக்கும் முன்பே பெயரை இரண்டாகப் பிரித்துப் புதுப்பிப்பது நல்லது. அதன்பின் எல்லா ஆவணங்களிலும் இருப்பவர் ஒருவரே என்று நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எடுத்து, அதையும் மொழிபெயர்ப்பில் சேருங்கள்.

பிறப்புச் சான்றிதழையும் எடுத்துப் பாருங்கள். “ஆண் குழந்தை”, “பெண் குழந்தை” என்று மட்டும் எழுதி, பெயர் பதியாமல் விட்டவை ஏராளம். பெயரைச் சேர்க்க நகராட்சியிலோ ஊராட்சியிலோ விண்ணப்பிக்க வேண்டும். கடைசி நேரத்தில் இதற்கு அலைந்தால் விசா நேரம் கைநழுவிவிடும்.

பற்றாக்குறைக் கடிதம் வந்துவிட்டது. நிராகரிப்பா?

இல்லை. நம் நர்சுகளுக்குப் பெரும்பாலும் முதலில் வருவது இந்தக் கடிதம்தான். ‘டெஃபிட்சிட்பெஷைட்’ என்பார்கள். உங்கள் படிப்பில் எது குறைகிறது என்று எழுதியிருக்கும். முதியோர் பராமரிப்பும், வீட்டுக்குச் சென்று பார்க்கும் பராமரிப்பும் அடிக்கடி குறைவாகக் காட்டப்படுபவை. இந்தக் கடிதத்தை வைத்துத்தான் 16டி விசாவே கேட்கிறோம்.

குறையை நிரப்ப இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். முதலாவது அறிவுத் தேர்வு: 45 முதல் 60 நிமிட வாய்மொழித் தேர்வும், உண்மையான நோயாளிகளை வைத்துச் செய்முறையும். ஒவ்வொரு பகுதியையும் ஒருமுறைதான் மறுபடி எழுதலாம். இரண்டாவது தகவமைப்புப் பயிற்சி: குறைந்த மணிநேரத்தை வார்டிலும் வகுப்பிலும் ஈடுகட்டி, முடிவில் ஓர் உரையாடல். தேர்வு வேகமானது, பயிற்சி பத்திரமானது. மொழி தடுமாறுபவர்கள் பயிற்சியை எடுப்பதே புத்திசாலித்தனம். செய்முறையில் நம் நர்சுகள் ஊசியிலோ மருந்திலோ தவறுவது அபூர்வம். நோயாளியிடம் அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லாமலேயே வேலையைத் தொடங்குவதும், பராமரிப்புத் திட்டத்தைச் சரியான ஜெர்மனில் எழுத முடியாததும்தான் மதிப்பெண்ணைக் குறைக்கின்றன.

பிளஸ் டூ முடித்துப் போனால் மூன்று ஆண்டும் என்ன நடக்கும்?

குறைந்தது 2,100 மணிநேரம் வகுப்பு, 2,500 மணிநேரம் வார்டு. முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம், அதற்குள் இரு தரப்பும் விலகலாம். விடுப்பு விஷயத்தில் கவனம்: நோயோ வேறு காரணமோ, வகுப்பு மணிநேரத்தில் பத்து சதவீதம், வார்டில் பத்து சதவீதம் வரைதான் தவறலாம். அதைத் தாண்டினால் பயிற்சிக் காலம் நீளக்கூடும். கடைசியில் அரசுத் தேர்வு: மூன்று எழுத்துத் தாள்கள், வாய்மொழி, செய்முறை. தவறிய பகுதியை ஒரே ஒரு முறை மறுபடி எழுதலாம்.

பள்ளிச் சான்றிதழ் ஜெர்மன் பள்ளிப் படிப்புக்கு இணையானது என்று மாநில அலுவலகம் ஒன்று உறுதி செய்ய வேண்டும். பயிற்சி ஒப்பந்தம் கையெழுத்தாகும்போதே இதைத் தொடங்குங்கள். தட்டம்மைத் தடுப்பூசி இரண்டு தவணை போட்டதற்குச் சான்றும் கட்டாயம். சின்ன வயது அட்டை தொலைந்திருந்தால் ரத்தத்தில் எதிர்ப்பொருள் பரிசோதனை போதும், இல்லாவிட்டால் மீண்டும் போட்டுக்கொள்ளலாம்.

சம்பளம் எவ்வளவு, கையில் எவ்வளவு நிற்கும்?

பொதுத்துறை ஊதிய ஒப்பந்தத்தைப் பின்பற்றும் இடங்களில் பயிற்சியின் முதல் ஆண்டு மாதம் 1,400 யூரோவுக்கு மேல். சுமார் ஐந்தில் ஒரு பங்கு சமூகக் காப்பீட்டுக்குப் பிடிப்பார்கள் (ஓய்வூதியம் மட்டும் 9.3 சதவீதம்). கையில் ஆயிரத்தைச் சற்றுத் தாண்டி நிற்கும். பணியாளர் விடுதி அறை கிடைத்தால் சமாளிக்கலாம். மியூனிக் போன்ற ஊரில் வெளியே அறை தேடினால் பாதிக்கு மேல் வாடகைக்கே போய்விடும். சேரும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது சம்பளத்தோடு விடுதி உண்டா என்று முதலில் கேளுங்கள்.

முதியோர் பராமரிப்பில் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் உண்டு. 2025 ஜூலை 1 முதல் பயிற்சியற்ற உதவியாளருக்கு மணிக்கு 16.10 யூரோ, ஓராண்டுப் பயிற்சியுள்ளவருக்கு 17.35, முழுத் தகுதிச் செவிலியருக்கு 20.50. முதலும் கடைசியுமான இந்த எண்களின் இடைவெளியைப் பார்த்தால், அங்கீகாரம் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் என்ன விலை என்று புரியும்.

ஊரில் செய்த நர்ஸ் வேலைக்கும் அங்கே செய்வதற்கும் என்ன வேறுபாடு?

ஊரில் நோயாளியைக் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் உறவினரோ ஆயாவோ செய்வார்கள். அங்கே அது செவிலியரின் வேலை. காலை ஆறு மணி வாக்கில் முந்தைய ஷிஃப்ட்டிடம் தகவல் வாங்கிக்கொண்டு, ஒரு கிண்ணம் வெந்நீர், முகத்துக்கு ஒரு துணி, உடம்புக்கு வேறு துணி, கையுறை என்று அறைக்கு அறை போக வேண்டும். முகம், கை, மார்பு, முதுகு, கால், கடைசியில் மறைவிடம். அதற்குள் தண்ணீர் மாற்ற வேண்டும். முடிந்தவரை முதியவரே தன் முகத்தைத் துடைக்க விட வேண்டும், நாம் துடைத்துவிட்டால் வேகமாக முடியும் என்றாலும்கூட. நரம்பில் ஊசி போடுவது, ரத்தம் எடுப்பது போன்றவை பல இடங்களில் டாக்டர் செய்வது. “படித்த படிப்புக்கு இதையா செய்வது” என்ற எண்ணத்தில் திரும்பி வந்தவர்களும் உண்டு. போகும் முன்பே மனதில் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

ஏஜென்டுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் 1983இன் கீழ் பதிவு செய்த ஆள்சேர்ப்பு முகவர் மட்டுமே வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதன்மேல் ஜிஎஸ்டியும், ரசீதோடு. பதிவு எண்ணை இந்திய அரசின் ‘இ-மைக்ரேட்’ இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். மொழிப் பயிற்சி மையம் நடத்துபவர் எல்லாம் பதிவு பெற்ற முகவர் ஆகிவிட மாட்டார். அங்கே ‘பேக்கேஜ்’ என்ற பெயரில் நான்கைந்து லட்சம் கேட்டால் பயிற்சிக்கு எவ்வளவு, வேலைக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்த இடத்தில் பேச்சு நின்றுவிடும்.

பணம் கொடுக்காமல் போகவும் வழி உண்டு. ‘நியாயமான ஆள்சேர்ப்பு – பராமரிப்பு ஜெர்மனி’ என்ற ஜெர்மன் அரசு முத்திரை பெற்ற நிறுவனங்கள் நர்சிடம் கட்டணம் வாங்கக் கூடாது, செலவு முதலாளியுடையது. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நர்சுகளுக்கான ஜெர்மன் பயிற்சியை அறிவிப்பதைத் தொடர்ந்து பாருங்கள். கேரளத்தில் அம்மாநில அரசின் வெளிநாடுவாழ் கேரளர் அமைப்பான நோர்க்கா வழியாக நடக்கும், நர்சுகளை ஜெர்மனிக்கு அனுப்பும் ‘டிரிபிள் வின்’ திட்டம் பலருக்குத் தெரிந்ததே.

ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

“முன்கூட்டியே விலகினால் திருப்பிச் செலுத்த வேண்டும்” என்ற வரியைத் தேடுங்கள். மொழிப் படிப்பு, விமானச் சீட்டு என்று பல ஆயிரம் யூரோவை நிரப்பி வைத்திருப்பார்கள். எவ்வளவு தொகை, எத்தனை மாதத்துக்கு, மாதாமாதம் குறைகிறதா, முதலாளியே வேலையை விட்டு அனுப்பினாலும் உண்டா: நான்குக்கும் எழுத்தில் பதில் வேண்டும். இப்படிப்பட்ட வரிகளில் பல ஜெர்மன் தொழிலாளர் நீதிமன்றத்தில் நிற்பதில்லை. கையெழுத்திட்ட பிறகு சிக்கியவர்களுக்கு ‘ஃபேர் இன்டிகிராட்சியோன்’ ஆலோசனை மையங்கள் இலவசமாக வழிகாட்டும்.

அங்கீகாரத்துக்கு முன், பின் என இரண்டு சம்பளமும் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். பின் வரும் சம்பளம் எழுதாத ஒப்பந்தத்தில் கையெழுத்து வேண்டாம்.

விசாவுக்கு எவ்வளவு நாள்?

தேசிய விசாக் கட்டணம் 75 யூரோ. வேகம் வேண்டுமானால், முதலாளி உங்கள் சார்பில் அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் 81ஏ பிரிவின் விரைவு நடைமுறையைத் தொடங்கலாம். அதற்கு 411 யூரோ. அந்த வழியில் அங்கீகார அலுவலகம் இரண்டு மாதத்தில் முடிவு சொல்ல வேண்டும், தூதரகம் மூன்று வாரத்தில் நேரம் தந்து, அடுத்த மூன்று வாரத்தில் முடிவெடுக்கும். தாள் முழுமையாக இருந்தால்தான் இந்தக் காலக்கெடு எல்லாம்.

வயது வரம்பு உண்டா?

பயிற்சிக்குச் சட்டத்தில் மேல்வரம்பு இல்லை. 45 வயது நிறைந்தபின் முதல்முறையாகத் திறன் பணியாளர் அனுமதி கேட்பவருக்கு, சம்பளம் குறிப்பிட்ட உயர்ந்த அளவைத் தொட வேண்டும் அல்லது முதுமைக்கான ஓய்வூதிய ஏற்பாட்டைக் காட்ட வேண்டும். பெரும்பாலான பராமரிப்புச் சம்பளம் அந்த அளவைத் தொடாது. 42, 43 வயதில் இருப்பவர்கள் தேதியை எண்ணிக்கொண்டு செயல்படுங்கள்.

கணவர், குழந்தைகளை உடனே கூட்டிப் போகலாமா?

பயிற்சிச் சம்பளத்தில் நடக்காது. வருமானமும் வீட்டின் அளவும் குடும்பத்துக்குப் போதும் என்று காட்ட வேண்டுமே. உர்குண்டே வந்து முழுச் சம்பளம் ஏறிய பிறகு கேட்பதுதான் நடைமுறை. அதுவரை கணவர் ஊரில் ஏ1 ஜெர்மனாவது முடித்து வைக்கட்டும்.

பிஆருக்கும் குடியுரிமைக்கும் என்ன வேறுபாடு?

குடியுரிமைக்கு ஐந்தாண்டு வசித்திருக்க வேண்டும். ஜெர்மனி 2024 ஜூன் முதல் இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது, இந்தியா ஏற்பதில்லை. ஆகவே ஜெர்மன் பாஸ்போர்ட் எடுத்தால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும், அதன்பின் ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை வாங்கிக்கொள்ளலாம். ஊரில் விவசாய நிலம் வாங்கும் எண்ணம் இருந்தால் அதற்கு முன் யோசியுங்கள்: ஓசிஐ வைத்திருப்பவர் விவசாய நிலம் வாங்க முடியாது.

பிஆர் கிடைத்தபின் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஓராண்டு ஊரில் தங்கலாமா?

அப்படியே தங்கினால் பிஆர் போய்விடும். ஜெர்மனியை விட்டு ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்தால் அது தானாகவே காலாவதியாகும், கடிதம்கூட வராது. கிளம்பும் முன் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய், காரணத்தையும் மருத்துவரின் கடிதத்தையும் காட்டி, நீண்ட காலக்கெடு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதைத் தருவது அவர்கள் முடிவு. ஊரில் இருந்துகொண்டு மின்னஞ்சலில் கேட்கலாம் என்று கிளம்பிவிடாதீர்கள், கையில் தாள் வந்த பிறகு டிக்கெட் போடுங்கள்.